வெப்பக் கணக்கும் கண்ணாடி நிலையும்

நம் வீடுகளிலே கற்கண்டு உண்டு. கடைகளிலே போத்தலில் இட்டு விற்கும் தோடம்பழ இனிப்பும் உண்டு. இரண்டுக்கும் முதலாய பொருள் சீனியே. இரண்டும் அழுத்தினால் நெகிழாதவை. இரண்டும் கடித்தால் நொருங்குபவை. ஆயினும் மாரி காலத்திலே போத்தலின் மூடியைச் சற்றுத் தளர்த்தி வைத்துப் பாருங்கள். சில நாட்களில் இனிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கற்கண்டோ அதே ஈரக் காற்றிலும் பெரும்பாலும் தன் உருவங் கெடாமற் கிடக்கும். பொருள் ஒன்று, திண்மையும் ஒன்று, குணம் மட்டும் வேறு. இதற்குக் காரணம் யாது?

கண்ணுக்கும் கைக்கும் ஒன்றாகத் தோன்றும் இவ்விரு திண்மங்களையும் வேறுபடுத்திக் காட்டவல்ல கருவி ஒன்று உண்டு. பொருளுக்கு எவ்வளவு வெப்பம் ஊட்டினோம், அதன் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கெடுக்கும் கருவி அது. அக்கணக்கு எவ்வாறு எடுக்கப்படுகிறது, அதனால் இயற்கையின் பெரு விதி ஒன்று எவ்வாறு சோதனைக்கு உள்ளாயிற்று, அச்சோதனை இன்று நம் மருந்துப் போத்தல்வரை எவ்வாறு வந்து சேர்ந்துள்ளது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் கற்கண்டை நோக்குவோம். பாகை நாட்கணக்கில் அசையாது வைத்து மெல்ல மெல்ல விளைவிப்பது கற்கண்டு. சீனியின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் அமர்வதற்கு அங்கே அவகாசம் உண்டு. அணிவகுத்து நிற்கும் சாரணர் போல அவை வரிசை தவறாது நிற்கின்றன. இத்தகைய ஒழுங்கமைந்த திண்மத்தையே பளிங்கு என்கிறோம். இனிப்புச் செய்பவரோ பாகை நீர் வற்றக் காய்ச்சி, வார்த்து, விரைவில் ஆற்றிவிடுகிறார். அங்கே மூலக்கூறுகளுக்கு அவகாசம் இல்லை. சந்தையிலே நெருங்கி நின்ற கூட்டம் நின்ற நின்ற இடத்திலேயே கல்லாய்ச் சமைந்ததுபோல அவை நின்றுவிடுகின்றன. ஒழுங்கு திரவத்தின் ஒழுங்கு. இறுக்கம் மட்டும் திண்மத்தின் இறுக்கம். இதுவே கண்ணாடி நிலை. யன்னற் கண்ணாடி மட்டுமன்றி, ஒழுங்கு காணாமல் இறுகிய எப்பொருளும் விஞ்ஞான வழக்கில் கண்ணாடியே. சீனி, கிளிசரின், பலவகை அற்ககோல்கள், மருந்துப் பொருள்கள் எனத் தனித்தனி மூலக்கூறுகளால் ஆய பொருள்களும் இவ்வாறு கண்ணாடியாகும். நாம் இன்று பேசுவது இவற்றைப் பற்றியே.

இனி வெப்பக் கணக்குக்கு வருவோம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த யோசேப் பிளாக் என்பார். 1760ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளிலே அவர் இரண்டு உண்மைகளை நாட்டினார். ஒரே நிறையுடைய இரு வேறு பொருள்களை ஒரே பாகை உயர்த்த வேண்டிய வெப்பம் ஒரே அளவினதன்று என்பது முதலாவது. ஒரு பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த வேண்டிய வெப்பத்தை அப்பொருளின் வெப்பக் கொள்ளளவு என்கிறோம். உருகும் பனிக்கட்டி எவ்வளவு வெப்பத்தை உண்டாலும், முழுவதும் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை ஏறுவதில்லை என்பது இரண்டாவது. அவ்வாறு ஒளிந்து செல்லும் வெப்பத்தை மறைவெப்பம் என்றனர்.

எண்களாற் சொன்னால் இது மேலும் விளங்கும். ஒரு கிராம் பனிக்கட்டியை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 2.1 யூல் வெப்பம் போதும். ஒரு கிராம் நீருக்கு 4.2 யூல் வேண்டும். ஆனால் ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்குவதற்கு மட்டும் 334 யூல் செலவாகிறது. அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் நீரை ஏறத்தாழ 80 பாகை சூடாக்கிவிடலாம். வெப்பநிலையை உயர்த்தாத இவ்வெப்பம் எங்கே போயிற்று? பளிங்கின் அணிவகுப்பைக் கலைப்பதிற் செலவாயிற்று. எனவே ஊட்டிய வெப்பத்துக்கும் உயர்ந்த வெப்பநிலைக்கும் இடையில் உள்ள கணக்கைக் கவனமாகப் பார்த்தால், உள்ளே மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்பதை அறியலாம். ஒரு வீட்டின் வரவு செலவு ஏட்டைப் பார்த்து அவ்வீட்டில் நடந்தவற்றை ஊகிப்பது போன்றது இது.

இக்கணக்கைப் பிழையின்றி எடுப்பது எளிதன்று. சூடான பொருள் சுற்றுப்புறத்துக்கு வெப்பத்தை இழக்கும். குளிர்ந்த பொருள் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைக் கவரும். ஏட்டில் ஏறாத வரவும் செலவும் இருந்தால் கணக்கு எவ்வாறு சரிவரும்? இதற்காகவே ஆய்வாளர் நுண்ணிய கலோரிமானியை அமைத்தனர். ஆராயவேண்டிய பொருளைச் சிறிய உலோகக் கலத்திலே அடைப்பர். அதனுள் மின்னாற் சூடேறும் கம்பியும், மின்தடை மாற்றத்தால் வெப்பநிலை காட்டும் வெப்பமானியும் இருக்கும். கலத்தை வெற்றிடத்திலே மெல்லிய நூல்களால் தொங்கவிடுவர். அதனைச் சுற்றி ஓர் உலோகக் கவசம் அமைத்து, கவசத்தின் வெப்பநிலையைக் கலத்தின் வெப்பநிலைக்கு எப்பொழுதும் சமமாக வைத்திருப்பர். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெப்பம் செல்லாதன்றோ?

பின்னர், அளந்த மின்சக்தியைச் சிறிது நேரம் செலுத்துவர், நிறுத்துவர், வெப்பநிலை நிலைபெறும்வரை காத்திருப்பர், எவ்வளவு ஏறிற்று எனக் குறிப்பர், மீண்டும் செலுத்துவர். திரவ வளியின் குளிரிலிருந்து அறை வெப்பநிலைவரை ஒவ்வொரு படியாக இவ்வாறு ஏறிவருவர். ஒரு பொருளுக்கு நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், இவ்வேலை நீளும். இத்தகைய வெற்றிடக் கலோரிமானியை 1910ஆம் ஆண்டளவில் பேர்லினிலே சிறப்பாக வளர்த்தெடுத்தவர் வால்தர் நேர்ண்ஸ்ற் என்னும் பேரறிஞர்.

நேர்ண்ஸ்ற் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. 1906ஆம் ஆண்டிலே அவர் ஒரு விதியை வெளியிட்டிருந்தார். பின்னர் அது வெப்பவியக்கவியலின் மூன்றாம் விதி எனப் பெயர் பெற்றது. அவ்விதியை விளங்கிக்கொள்ள எந்திரப்பி என்னும் ஒரு கருத்து வேண்டும். ஒரு பொருளின் மூலக்கூறுகள் எத்தனை வகையாக அமைந்து நிற்க இடமுண்டோ அதனைக் காட்டும் அளவு எந்திரப்பி. அதனை ஒழுங்கின்மையின் அளவு எனவும் சொல்லலாம். இது கண்ணாற் காணத்தக்கதன்று. ஆயினும் கலோரிமானியாற் கணிக்கத்தக்கது. ஒவ்வொரு படியிலும் ஊட்டிய வெப்பத்தைத் தனிவெப்பநிலையால் வகுத்துக் கூட்டிக்கொண்டு வந்தால் எந்திரப்பியின் ஏற்றம் கிடைக்கும். தனிவெப்பநிலையின் பூச்சியத்தை, அதாவது செல்சியஸ் பூச்சியத்துக்குக் கீழ் 273 பாகையை, நெருங்க நெருங்கப் பொருள்களுக்கிடையே எந்திரப்பி வேறுபாடு மறைந்துபோகும் என்பது நேர்ண்ஸ்ற் விதியின் சாரம். இவ்விதி உண்மையானால், வெப்ப அளவைகளை மட்டும் கொண்டே ஓர் இரசாயனத் தாக்கம் நிகழுமா நிகழாதா என்று முன்கூட்டிக் கணித்துவிடலாம். இரசாயன உலகுக்கு இதனிலும் பெரிய கொடை வேறு யாது? 1920ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு நேர்ண்ஸ்றுக்கு வழங்கப்பட்டது.

ஆனால் விதி என்றால் விலக்கில்லாமல் நிற்கவேண்டும். ஒழுங்கே காணாமல் இறுகிய கண்ணாடிக்கும் இவ்விதி பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் அமெரிக்காவில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் இருந்த இருவர். ஒருவர் ஜோர்ஜ் கிப்சன். மற்றவர் அவருடைய மாணவர் வில்லியம் ஜியோக். அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் கிளிசரின்.

கிளிசரின் நமக்குப் புதியதன்று. எண்ணெயிலிருந்து சவர்க்காரம் காய்ச்சும்போது உடன்பிறக்கும் இனிப்பான பிசுபிசுத்த திரவம் அது. 1779ஆம் ஆண்டில் ஒலிவ எண்ணெயிலிருந்து அதனை முதன்முதற் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு ஷீலே. அதன் பளிங்கு ஏறத்தாழ 18 பாகை செல்சியசிலே உருகும். அப்படியாயின் நுவரெலியாவின் குளிர்ந்த இரவுகளிலே போத்தலில் உள்ள தூய கிளிசரின் உறைந்துவிட வேண்டுமன்றோ? உறைவதில்லை. உறைநிலைக்குக் கீழே எவ்வளவு தூரம் குளிர்வித்தாலும் அது திரவமாகவே நிற்கும், மேன்மேலும் தடிக்கும், இறுதியில் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 83 பாகையிலே கண்ணாடியாக இறுகிவிடும். அறை வெப்பநிலையிலேயே அது நீரினும் ஆயிரம் மடங்குக்கு மேற் பிசுக்குடையது. கண்ணாடியாகும் எல்லையிலோ அப்பிசுக்கு நீரினும் ஆயிரம் மில்லியன் மில்லியன் மடங்காகிவிடுகிறது.

எனவே கிளிசரினைக் கண்ணாடியாக்குவது எளிது, பளிங்காக்குவதே அரிது. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டும் வேண்டும். பேர்க்லி ஆய்வாளர் ஒரு வழி கண்டனர். கிளிசரினைத் திரவ வளியின் குளிர்வரை கொண்டுசென்று, பின்னர் ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்ல வெதுப்பினால் பளிங்கு தோன்றிவிடும். பளிங்கு பிறப்பதற்குக் கடுங் குளிரும் வேண்டும். அது வளர்வதற்கு மூலக்கூறுகள் அசையத்தக்க வெதுவெதுப்பும் வேண்டும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் அன்றி அது நடவாது.

இவ்வாறு ஒரே கிளிசரினின் இரு வடிவங்களையும் கலோரிமானியில் இட்டு அளந்தார்கள். பளிங்கின் கணக்கு நேரானது. குளிரிலிருந்து மேலே வர வர அதன் வெப்பக் கொள்ளளவு சீராக ஏறிற்று. 18 பாகையில் மறைவெப்பத்தை உண்டு அது உருகிற்று. கண்ணாடியின் கணக்கு வேறாயிருந்தது. கடுங் குளிரிலே அதன் வெப்பக் கொள்ளளவு பளிங்கினதை ஒட்டியே சென்றது. கண்ணாடி இளகும் வெப்பநிலையை அடைந்ததும், சில பாகை இடைவெளிக்குள், அது ஏறத்தாழ இரு மடங்காகப் படியேறிற்று. ஆனால் அங்கே மறைவெப்பம் இல்லை.

இந்தப் படியின் பொருள் யாது? கண்ணாடியிலே மூலக்கூறுகள் நின்ற இடத்தில் நின்று அதிர மட்டுமே முடியும். ஊட்டிய வெப்பம் அதிர்வுக்கு மட்டுமே செலவாகும். இளகியபின் அவை ஒன்றையொன்று விலக்கி இடம் மாறவும் முடியும். இடம் மாறுவதற்கும் வெப்பம் வேண்டும். எனவே செலவு இரட்டிக்கிறது. மாறாக, குளிர்விக்கும்போது அந்தச் செலவுக் கணக்கு திடீரென மூடப்படுகிறது. இடம் மாறும் வல்லமை ஒடுங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

அடுத்து எந்திரப்பியைக் கூட்டிப் பார்த்தனர். பளிங்கின் வழியாக ஏறி, உருக்கி, திரவத்தின் வழியாக மீண்டும் கண்ணாடிக்கு இறங்கிப் பூச்சியத்தை நோக்கிச் சென்றபோது கணக்கு மூடவில்லை. கண்ணாடியிடம் ஒரு மீதி தங்கி நின்றது. எல்லாக் குளிரையும் ஊட்டிய பின்னரும் அதனுள்ளே ஒழுங்கின்மை எஞ்சியிருந்தது. 1923ஆம் ஆண்டில் இம்முடிவை அவர்கள் வெளியிட்டனர். ஜியோக் தம் வாழ்நாள் முழுவதையும் இத்தகைய வெப்பக் கணக்கிலே செலவிட்டு, 1949ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசைப் பெற்றார்.

அப்படியானால் நேர்ண்ஸ்ற் விதி பொய்த்ததா? பொய்க்கவில்லை, அதன் எல்லை தெளிவாயிற்று. விதி பேசுவது தன்னுள்ளே சமநிலை கண்ட பொருளைப் பற்றி. கண்ணாடி சமநிலை காணாத பொருள். நேர்ண்ஸ்றின் மாணவரான பிரான்ஸ் சைமன் 1926ஆம் ஆண்டில் கிளிசரினை மீண்டும் அளந்து அந்த மீதியை உறுதிப்படுத்தினார். உட்சமநிலை இல்லாத இடத்தில் விதியை வைத்து வழக்காடலாகாது என்பதையும் வற்புறுத்தினார். பிடிவாதமான ஒரு திரவம் ஒரு பெரு விதியை உடைக்கவில்லை. அவ்விதி எவ்விடத்தில் ஆளும், எவ்விடத்தில் ஆளாது என்பதை வரையறுத்துத் தந்தது.

கண்ணாடி நிலையின் மற்றொரு பண்பையும் இங்கே கூறவேண்டும். பனிக்கட்டி எவ்வாறு உண்டானாலும் பூச்சியம் பாகையிலேயே உருகும். கண்ணாடி இளகும் வெப்பநிலையோ, அதனை எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தோம் என்பதைப் பொறுத்துச் சில பாகை மேலும் கீழும் செல்லும். விரைந்து குளிர்வித்த கண்ணாடியைக் கலோரிமானியில் இளகும் எல்லைக்கு அருகே விட்டுவைத்தால், நாம் வெப்பம் ஊட்டாமலே அதன் வெப்பநிலை மெல்ல ஏறும். அன்று அவசரத்திற் சிறைப்பட்ட சக்தியை அது இன்று வெளியிடுகிறது. மெல்லக் குளிர்வித்த கண்ணாடியோ வெதுப்பி வரும்போது வெப்பத்தை உறிஞ்சிப் பின்தங்கும். எனவே கண்ணாடிக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு அதன் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கலைத்துறையிற் பயின்று வரலாறு கற்பித்துவந்த என்னை இத்துறையின்பால் ஈர்த்தது இவ்வுண்மையே. பளிங்கிடம் அதன் வெப்பநிலையைக் கேட்டால் போதும். கண்ணாடியிடமோ, நீ எவ்வழி வந்தாய் என்றும் கேட்கவேண்டும்.

இனி ஒரு புதிரைச் சொல்லுகிறேன். 1948ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் வால்ற்றர் கோஸ்மன் இவ்வளவைகளை ஒருங்கே வைத்து நோக்கினார். உறையாமற் குளிரும் திரவத்தின் எந்திரப்பி, பளிங்கினதைக் காட்டிலும் வேகமாகக் குறைந்துகொண்டு போகிறது. கண்ணாடியாகி நின்றுவிடாமல் அதே வேகத்தில் அது குறையுமாயின், ஒரு குறித்த வெப்பநிலையில் ஒழுங்கற்ற திரவமும் ஒழுங்கான பளிங்கும் ஒரே எந்திரப்பி உடையன ஆகிவிடும். கிளிசரினைப் பொறுத்தவரை அந்த இடம் கண்ணாடியாகும் எல்லைக்கு ஏறத்தாழ 50 பாகை கீழே உள்ளது. இன்னுங் கீழே சென்றால் கலைந்த கூட்டம் அணிவகுப்பை விட ஒழுங்குடையது என்று சொல்ல நேரும். அந்த இடத்தை அடையுமுன் திரவம் கண்ணாடியாகி நின்றுவிடுவதால் இப்புதிர் நேரே சோதிக்கப்படாமல் தப்பிவிடுகிறது. கண்ணாடி ஆவது வெறுந் தாமதமா, அன்றி அதன் பின்னே உண்மையான ஓர் அவத்தை மாற்றம் ஒளிந்திருக்கிறதா என்பதில் அறிஞர் இன்றும் ஒருமனப்படவில்லை. 2007ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார், மருந்துப் பொருள் ஒன்றின் ஆவியைக் குளிர்ந்த தட்டின்மேல் மெல்லப் படியவிட்டு, மிக நெடுங்காலம் ஆறி அடங்கிய கண்ணாடிக்கு நிகரான கண்ணாடியைப் பெற்றனர். வெப்பக் கணக்கே அங்கும் சான்று கூறிற்று. புதிரின் அடியை நோக்கி ஒரு படி இறங்கியதாக அதனைக் கொள்ளலாம்.

கீழைத் தேசத்திலும் இத்துறை சிறந்தோங்கியது. யப்பானிலே ஒசாக்காப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சியூசோ செக்கி, கிரோசி சுகா என்னும் அறிஞர்களும் அவர்தம் குழுவினரும் கலோரிமானிக் கலையை உச்ச நிலைக்குக் கொண்டுவந்தனர். 1968ஆம் ஆண்டில் அவர்கள் வளையவெக்சனோல் என்னும் அற்ககோலை ஆராய்ந்தனர். அது அறை வெப்பநிலை அளவிலேயே பளிங்காகிவிடும். மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் நின்ற இடத்திலே பம்பரம்போற் பல திசையும் திரும்பிக்கொண்டிருக்கும். அப்பளிங்கை விரைந்து குளிர்வித்தபோது, பூச்சியத்துக்குக் கீழ் 120 பாகையைத் தாண்டியதும், கண்ணாடிக்கே உரிய அந்தப் படி வெப்பக் கொள்ளளவில் தோன்றிற்று. நிற்கும் இடத்தில் ஒழுங்கு. நோக்கும் திசையில் ஒழுங்கின்மை. அத்திசை அப்படியே உறைந்துவிட்டது. இதற்குக் கண்ணாடிப் பளிங்கு என்று பெயரிட்டனர். கண்ணாடி நிலை திரவத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அன்றோடு அகன்றது.

இதனிலும் வியப்பானது பனிக்கட்டியின் கதை. பனிக்கட்டியிலே ஒட்சிசன் அணுக்கள் ஒழுங்காக நிற்கின்றன. அவற்றிடையே உள்ள ஐதரசன்களோ பல வகையாக அமையலாம். இதனால் பனிக்கட்டியிலும் ஓர் எந்திரப்பி மீதி இருக்கவேண்டுமென 1935ஆம் ஆண்டிலே இலினஸ் போலிங் கணித்தார். அடுத்த ஆண்டே ஜியோக், இசுற்றௌற் என்பாரோடு சேர்ந்து அளந்து அதனை உறுதிப்படுத்தினார். அந்த ஐதரசன்கள் ஒழுங்குபட இயலாதவையா, அன்றி அவகாசம் இன்றி நின்றவையா? பூச்சியத்துக்குக் கீழ் 165 பாகையளவில் பனிக்கட்டியின் வெப்பநிலை தானே மெல்ல நகர்வதை ஒசாக்கா ஆய்வாளர் கண்டனர். அது கண்ணாடியின் அடையாளம். அப்படியாயின் ஐதரசன்களுக்கு வேண்டியது அவகாசமே. அவற்றின் அசைவைத் தூண்டுவதற்காக நீரிலே மிகச் சிறிதளவு பொற்றாசியம் ஐதரொட்சைட்டைக் கலந்து உறையவைத்தனர். கடுங் குளிரிலே நாட்கணக்கிற் காத்திருந்தனர். 1982ஆம் ஆண்டில் விடை வந்தது. பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 201 பாகையிலே உண்மையான அவத்தை மாற்றம் ஒன்று, மறைவெப்பத்தோடு, கலோரிமானியிலே தோன்றிற்று. ஐதரசன்கள் ஒழுங்குபட்டன. நாம் என்றும் முழுமையாக உறைந்ததென எண்ணிய பனிக்கட்டி உறைந்து முடியாத பொருள் என்பதை வெப்பக் கணக்கு வெளிப்படுத்திற்று.

நேயர்களே, இவையெல்லாம் கடுங் குளிரின் செய்திகள். வெப்ப நாட்டில் வாழும் நமக்கு இவற்றால் ஆவதென்ன என வினவலாம். முதலில் விட்டுவந்த தோடம்பழ இனிப்புக்குத் திரும்புவோம். உலர்ந்த சீனிக் கண்ணாடி இளகுவது ஏறத்தாழ 60 முதல் 70 பாகை வரை. நம் அறை வெப்பநிலைக்கு அது வெகு தூரம். ஆனால் கண்ணாடி ஈரத்தை உறிஞ்சும். உட்புகுந்த நீர் மூலக்கூறுகளை அசையச் செய்து இளகும் வெப்பநிலையைக் கீழே இழுத்துவிடும். அறை வெப்பநிலை அளவுக்கு அது இறங்கியதும் இனிப்பு மீண்டும் பாகாகத் தொடங்குகிறது. பால்மாவின் கதையும் இதுவே. அதனுள் உள்ள பாற்சீனி கண்ணாடி நிலையில் இருக்கிறது. உலர்ந்திருக்கையில் 100 பாகையளவில் இளகும் அது, நூற்றுக்கு ஏழு பங்கு நீர் சேர்ந்தால் அறை வெப்பநிலையிலேயே இளகிவிடும். டின்னின் மூடியை இறுக்கி வையுங்கள் என்னும் இல்லத்தரசியின் சொல்லிலே வெப்பவியக்கவியல் அடங்கியிருக்கிறது.

மருந்துகளின் செய்தி இன்னும் முக்கியமானது. பல மருந்துப் பொருள்கள் பளிங்காக இருக்கையில் நீரிலே எளிதிற் கரைவதில்லை. கரையாத மருந்து குடலுக்குட் சென்றும் பயன் தராது. அவற்றைக் கண்ணாடி நிலையிற் செய்தால் விரைந்து கரையும். ஆனால் கண்ணாடி அடங்காத நிலை. எந்நாளிலும் பளிங்காகத் திரும்பக் கூடும். மூட்டு நோவுக்கு வழங்கும் இந்தோமெதசின் என்னும் மருந்தின் கண்ணாடி ஏறத்தாழ 42 பாகையிலே இளகும். நம் நாட்டுப் பகல் வெப்பத்துக்கும் அதற்கும் இடையே சுமார் 10 பாகையே உண்டு. இளகும் எல்லைக்கு 50 பாகை கீழே வரையும் மூலக்கூறுகளின் அசைவைக் கருத்திற்கொள்ள வேண்டுமென 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. ஆதலின் ஒரு மருந்தை எவ்வெப்பநிலையில், எத்தகைய உறையில், எத்தனை காலம் வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் சான்றுகளுள் வெப்பக் கொள்ளளவின் அந்தப் படியும் ஒன்று. 1960களிலே புழக்கத்துக்கு வந்த புதுவகைக் கலோரிமானிகளால், சில மில்லிகிராம் பொருளைக் கொண்டு சில நிமிடங்களில் இன்று அப்படியைக் கண்டுவிடுகின்றனர்.

குழந்தைகளுக்கு இடும் சின்னமுத்துத் தடுப்பு மருந்தும் சிறு குப்பியிலே உலர்ந்த தூளாக வருகிறது. நோய்க் கிருமியின் வலுக் குறைந்த வடிவம் அதனுள் உண்டு. சீனி போன்ற பொருள்களுடன் அதனை உறையவைத்து, நீரை ஆவியாக அகற்றி, கண்ணாடி போன்ற இறுக்கத்துள் அடைக்கின்றனர். அக்கிருமியை அசைவின்றிக் காத்து நிற்பது இந்த இறுக்கமே. எங்கே எவ்வெப்பநிலையில் அக்காவல் தளரும் என்பதைச் செய்வோர் கலோரிமானியைக் கொண்டே அறிகின்றனர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் நன்று. ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய யன்னற் கண்ணாடிகள் அடிப்புறம் தடித்திருப்பதைக் கண்டு, கண்ணாடி நூற்றாண்டுகளாக மெல்ல வழிந்தோடுகிறது என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. அந்நாளிற் கண்ணாடி செய்த முறையாலேயே தகடுகள் ஏற்றத்தாழ்வாக அமைந்தன. அறை வெப்பநிலையில் அவ்வளவு வழிவதற்கு நூற்றாண்டுகள் அல்ல, உலகின் வயதே போதாது. அம்பர் என்பது பண்டை மரங்களின் பிசின் இறுகியது, அதுவும் கண்ணாடியே. இசுப்பானியாவிலே கிடைத்த, 110 மில்லியன் ஆண்டு பழமையான அம்பரின் வெப்பக் கொள்ளளவை மட்ரிட் ஆய்வாளர் அளந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அத்துணைக் காலம் ஆறி அடங்கிய பின்னரும், கண்ணாடிகளுக்கே உரிய தாழ்வெப்பநிலைக் குறிகள் அதில் மறையாமல் நின்றன.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்து ஒன்றே. இறுகியது வேறு, அடங்கியது வேறு. வெளியே திண்மமாக நிற்பதெல்லாம் உள்ளே தன் நிலையை அடைந்துவிட்டதென்று கொள்ளலாகாது. அவ்வேறுபாட்டைக் கண் காட்டாது, கை காட்டாது. ஊட்டிய வெப்பத்தையும் உயர்ந்த வெப்பநிலையையும் ஒவ்வொரு படியாக எழுதிக் கூட்டிய ஏடே அதனைக் காட்டிற்று. எவரும் போற்றாத தனியறைகளிலே, ஒரு பாகைக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து அவ்வேட்டை நிரப்பியவர்களின் பொறுமையால், ஒரு விதி தன் எல்லையை அறிந்தது; ஒரு மருந்துக் குப்பி தன் காவலைப் பெற்றது. வீட்டிலே பிள்ளைகள் கற்கண்டையும் இனிப்பையும் கையிலெடுக்கும்போது, இவற்றுள் எது அடங்கியது, எது அடங்காதது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாரி வரும்வரை பொறுத்திருந்தால் விடையை அவர்களே கண்டுகொள்வார்கள்.